வெயில் தேடிப் போன வெள்ளைக்காரர்கள்

இங்கிலாந்தில் சூரியன் ஓர் அபூர்வ விருந்தாளி. நவம்பரில் போனால் மார்ச் வரையில் ஒழுங்காகத் தலை காட்டுவதில்லை. மழை, மூடுபனி, பிற்பகல் நாலு மணிக்கே இருட்டு. முப்பது நாற்பது வருஷம் பஸ் ஓட்டியோ, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லியோ, தபாலாபீசில் முத்திரை குத்தியோ உழைத்து ஓய்ந்த ஒரு பிரிட்டிஷ்காரருக்குப் பென்ஷன் கைக்கு வந்ததும் வெயில் நினைப்புத்தான் வருகிறது. தமிழ்நாட்டில் வசதியுள்ளவர்கள் வெயிலுக்குப் பயந்து கொடைக்கானலுக்கு ஓடுகிறார்கள். அவர்களோ வெயிலைத் தேடி ஸ்பெயினுக்கு ஓடுகிறார்கள்!

ஸ்பெயின் தேசத்தின் கிழக்கிலும் தெற்கிலும் மத்தியதரைக் கடலை ஒட்டி நீண்ட மணற்கரை. ஒரு பகுதிக்குக் கோஸ்டா பிளாங்கா, அதாவது வெள்ளைக் கடற்கரை என்று பெயர். இன்னொன்று கோஸ்டா டெல் சோல், சூரியக் கடற்கரை. இந்தக் கரையில் உள்ள பெனிடார்ம் ஒரு காலத்தில் மீன்பிடிக்கும் சிற்றூர். பெத்ரோ சரகோசா என்ற மேயர் 1956-ல் ஊருக்கு ஒரு பெரிய திட்டம் போட்டு, அகலமான வீதிகளுக்கும் மாடிக் கட்டிடங்களுக்கும் வழி செய்தார். இன்று அங்கே வானளாவிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. முதலில் ஒரு வார விடுமுறைக்கு வந்தவர்கள், பிறகு வீடு வாங்கினார்கள். கடைசியில் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இந்தக் குடியேற்றம் எப்போதுமே சுலபமாக இருந்ததில்லை. 1966 முதல் 1970 வரை, உல்லாசப் பிரயாணமாக வெளிநாடு போகிற பிரிட்டிஷ்காரர் 50 ஸ்டர்லிங் பவுனுக்கு மேல் செலவுக்குக் கொண்டு போகக் கூடாது என்று லண்டன் சர்க்கார் கட்டுப்பாடு வைத்திருந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் 1979-ல்தான் நீங்கின. பிரிட்டன் 1973-லும் ஸ்பெயின் 1986-லும் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தன. 1993-ல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, உறுப்பு நாட்டுப் பிரஜை ஒவ்வொருவரும் ஐரோப்பிய யூனியனின் பிரஜையும் ஆனார். பர்மிங்ஹாமில் பிறந்தவர் பெனிடார்மில் வீடு வாங்கிக் குடியிருப்பது, மதுரைக்காரர் மைசூரில் வீடு வாங்குவதைப் போல ஆகிவிட்டது. விசா வேண்டாம், சர்க்கார் அனுமதி வேண்டாம். முனிசிபல் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நின்று ஜெயித்துக் கவுன்சிலர்கூட ஆகலாம்!

2016-ம் வருஷத்தில் ஸ்பெயினில் பதிவு செய்துகொண்டு வாழ்ந்த பிரிட்டிஷார் ஏறத்தாழ 3 லட்சம் பேர். அவர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். பதிவு செய்துகொள்ளாமல் இருந்தவர்கள் தனி. அவர்கள் கதை பின்னால் வருகிறது.

ஓர் இரவில் வந்த வினை

2016 ஜூன் 23-ந் தேதி பிரிட்டனில் சர்வஜன வாக்கெடுப்பு. ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா? விலக வேண்டும் என்றவர்கள் 51.9 சதவிகிதம். இருக்க வேண்டும் என்றவர்கள் 48.1 சதவிகிதம். வித்தியாசம் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டு. பத்திரிகைகள் 'பிரெக்ஸிட்' என்று பெயர் சூட்டிய காரியம் முடிவாகிவிட்டது.

ஸ்பெயினில் இருந்த கிழவர்களுக்கு முதல் அடி அன்றிரவே விழுந்தது. டாலருக்கு எதிராகப் பவுனின் மதிப்பு, 1985-க்குப் பிறகு கண்டிராத அளவுக்குச் சரிந்தது. யூரோ கணக்கிலும் அதே கதைதான். வாக்கெடுப்பு நாளன்று ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 1.30 யூரோ கிடைத்தது. அக்டோபரில் 1.11 யூரோ அளவுக்கு இறங்கிவிட்டது. மாதம் 800 பவுன் பென்ஷன் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் 1,040 யூரோவாக விழுந்த பணம் 888 யூரோவாகச் சுருங்கியது. பென்ஷனை யாரும் குறைக்கவில்லை. லண்டனிலிருந்து அதே 800 பவுன்தான் வந்தது. ஆனால் மின்சாரக் கட்டணத்தையும் ரொட்டிக்கடைப் பாக்கியையும் பவுனில் கொடுக்க முடியாதே!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டே, விலக வேண்டும் என்று தபாலில் ஓட்டு அனுப்பியவர்களும் அங்கே இருந்தார்கள்.

ஓட்டில்லாத ஓர் யுத்த வீரர்

ஓட்டுப் போட்டவர்கள் நிலைமை இப்படி. ஓட்டே இல்லாதவர்கள் பாடு இன்னும் கஷ்டம். வெளிநாட்டில் 15 வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்ட பிரிட்டிஷ் பிரஜைக்குத் தாய்நாட்டில் ஓட்டுரிமை கிடையாது என்பது அன்றைய சட்டம். தங்கள் வீடு, வைத்தியம், பென்ஷன் எல்லாவற்றையும் பாதிக்கிற வாக்கெடுப்பில், நீண்ட காலம் அங்கே வேரூன்றிய முதியவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது.

இந்த அநியாயத்தை எதிர்த்து விடாமல் போராடியவர் ஹாரி ஷிண்ட்லர். இரண்டாவது உலக யுத்தத்தில் 1944-ல் இத்தாலியின் அன்ஸியோ கடற்கரையில் இறங்கிய பிரிட்டிஷ் வீரர். பிற்காலத்தில் அதே இத்தாலியில் குடியேறினார். ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்குப் போனார். 2013-ல் தோல்வி. வாக்கெடுப்புக்குச் சில வாரங்களே இருக்கையில் 2016-ல் லண்டன் கோர்ட்டில் வழக்காடினார். அங்கும் தோல்வி. தொண்ணூறு வயதைக் கடந்த மனிதர் சளைக்கவில்லை. கடைசியில் 2022-ல் பார்லிமெண்டு சட்டத்தை மாற்றி, 15 வருஷ வரம்பை எடுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 2024 ஜனவரியில். ஷிண்ட்லர் 2023 பிப்ரவரியில் தமது 101-வது வயதில் காலமாகிவிட்டார். 2024 ஜூலை 4-ந் தேதி நடந்த பொதுத் தேர்தலில் அவர் பெயரைச் சொல்லி ஓட்டுப் போட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவருக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

பிரான்சில் 1984 முதல் வாழ்ந்து வந்த ஒரு பிரிட்டிஷ் மாதின் வழக்கு வேறு மாதிரி. 15 வருஷ விதியால் அவருக்கு பிரிட்டிஷ் வாக்கெடுப்பில் இடமில்லை. பிரிட்டன் விலகியதும், அவர் வாழ்ந்த பிரெஞ்சு ஊரின் வாக்காளர் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். இங்கும் இல்லை, அங்கும் இல்லை! ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜூனில் தீர்ப்புச் சொல்லியது: பிரிட்டன் விலகியபோதே பிரிட்டிஷார் ஐரோப்பியப் பிரஜா உரிமையை இழந்தார்கள், தனி மனிதருக்கு விலக்கு இல்லை. பிரான்சில் முனிசிபல் கவுன்சிலர்களாக இருந்த பல நூறு பிரிட்டிஷார் 2020 தேர்தலில் மறுபடி நிற்க முடியாமல் போயிற்று. ஸ்பெயின் பெருந்தன்மை காட்டியது. இரு நாடுகளும் 2019 ஜனவரியில் செய்துகொண்ட தனி உடன்படிக்கையால் அங்கே உள்ளூர் ஓட்டு பிழைத்தது.

மூன்றரை வருஷக் கவலை

வாக்கெடுப்பு 2016-ல். பிரிட்டன் விலகியது 2020 ஜனவரி 31-ல். பழைய ஏற்பாடுகள் நீடித்த இடைக்காலம் முடிந்தது அவ்வருஷம் டிசம்பர் 31-ல். நடுவில் மூன்றரை வருஷம், ஒப்பந்தம் வருமா வராதா என்பதே தெரியாது. இரு தரப்பிலும் உள்ள மக்களைப் பேரத்துக்கு வைத்த பகடைக்காய்கள் என்று அந்த மக்களே சொல்லிக்கொண்டார்கள்.

அவர்கள் பயந்தது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, பென்ஷன். மற்றது, வைத்தியம்.

பென்ஷன் பயம் வீண் பயமல்ல. பிரிட்டிஷ் சர்க்கார் பென்ஷன் வருஷா வருஷம் விலைவாசிக்கும் சம்பளத்துக்கும் தக்கபடி உயர்கிறது. ஆனால் அந்த உயர்வு எல்லா நாட்டிலும் கிடைக்காது. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் கிடைக்கும். அமெரிக்காவில் கிடைக்கும். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் கிடைக்காது. இந்தியாவிலும் கிடைக்காது! லண்டன் ஆலையிலோ ஆஸ்பத்திரியிலோ வாழ்நாளெல்லாம் உழைத்து, 2000-ம் வருஷம் முழு அடிப்படைப் பென்ஷனுடன் சென்னைக்கோ கோயமுத்தூருக்கோ திரும்பிய ஒருவர் அன்று வாரம் 67 பவுன் 50 பென்ஸ் வாங்கினார். இன்றும் அவருக்கு அதே 67 பவுன் 50 பென்ஸ்தான். அவருடன் ஒரே நாளில் ஓய்வு பெற்று ஸ்பெயினுக்குப் போன தோழருக்கு 2025-26-ல் 176 பவுன் 45 பென்ஸ். இருவரும் கட்டிய சந்தா ஒன்றே. இப்படிப் பென்ஷன் உறைந்து போனவர்கள் உலகெங்கும் நாலு லட்சத்துக்கு மேல். ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட் 2010-ல் அவர்கள் முறையீட்டையும் தள்ளிவிட்டது. இரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை இருந்தால்தான் உயர்வு என்பது லண்டனின் வாதம். ஐரோப்பிய உடன்படிக்கை அறுந்தால் தங்கள் கதியும் இதுதானோ என்று ஸ்பெயினில் இருந்தவர்கள் கலங்கியதில் ஆச்சரியமில்லை.

லண்டன் சர்க்காரின் தாராள மனசு அவர்களுக்கு முன்பே பழக்கம். குளிர்காலத்தில் அடுப்பெரிக்க முதியவர்களுக்குக் கொடுக்கும் உதவித் தொகையை, 2015 குளிர்காலம் முதல் ஸ்பெயின், போர்த்துகல், பிரான்ஸ், கிரீஸ் முதலிய நாடுகளில் வாழ்வோருக்கு நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கைவிட அந்த நாடுகள் குளிர்காலத்தில் வெதுவெதுப்பானவை என்று காரணம். பிரான்ஸ் எப்படி வெதுவெதுப்பாயிற்று? அதற்குச் சொந்தமான உஷ்ணமண்டலத் தீவுகளையும் சேர்த்துச் சராசரி போட்டதால்! ஆல்ப்ஸ் மலையில் பனியில் நடுங்குகிற கிழவருக்குக் கரீபியன் தீவின் வெயிலைக் கணக்கில் வரவு வைத்தார்கள்.

வைத்தியத்துக்கு 'எஸ்-1' என்ற பாரம் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் பென்ஷன் வாங்குகிறவர் அதைக் காட்டி ஸ்பெயின் சர்க்கார் ஆஸ்பத்திரியில் உள்ளூர்க்காரரைப் போலவே சிகிச்சை பெறலாம். செலவை பிரிட்டன் ஏற்கிறது. எழுபது எண்பது வயதில், இருதய நோயும் நீரிழிவும் உள்ளவருக்கு இந்த ஒரு காகிதந்தான் உயிர். அது போனால் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொள்ளும்?

எது மிஞ்சியது?

ஒருவழியாக விலகல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2020 டிசம்பர் 31-க்குள் சட்டப்படி குடியிருந்தவர்களுக்குப் பென்ஷன் உயர்வு உண்டு. 'எஸ்-1' உண்டு. ஆயுள் முழுவதும் குடியிருக்கும் உரிமையும் உண்டு. ஐந்து வருஷம் வாழ்ந்து நிரந்தரக் குடியுரிமை பெற்றவர், தொடர்ந்து ஐந்து வருஷம் வெளியே தங்கினாலொழிய அதை இழக்க மாட்டார். பெரிய ஆபத்து நீங்கிற்று என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த உரிமை குடியிருக்கும் நாட்டோடு நின்றுவிடுகிறது. ஸ்பெயினில் இருப்பவர் நாளை பிரான்சுக்கோ போர்த்துகலுக்கோ குடிபோக வேண்டுமானால், மற்ற அந்நியரைப் போல விசாவுக்கு நிற்க வேண்டியதுதான்.

பதிவு செய்யாமல் இருந்தவர்களுக்குத்தான் சங்கடம். பலர் பத்துப் பதினைந்து வருஷம் ஸ்பெயினில் வாழ்ந்தும் சர்க்கார் புத்தகத்தில் ஏறவில்லை. சோம்பல் ஒரு காரணம், பாஷை தெரியாதது இன்னொரு காரணம், வரி பயம் முக்கியக் காரணம். ஸ்பெயினில் வருஷத்துக்கு 183 நாளுக்கு மேல் இருந்தால் அங்கே வரி கட்ட வேண்டும். 50,000 யூரோவுக்கு மேற்பட்ட வெளிநாட்டுச் சொத்தையும் தெரிவிக்க வேண்டும். தவறினால் 2012-ல் வந்த சட்டப்படி கடுமையான அபராதம். அந்த அபராதங்கள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜனவரியில் சொல்லியது. அதற்குள் கெடு முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதே!

கார் நின்றது

உடன்படிக்கைகளில் பெரிய விஷயங்களைக் கவனித்தவர்கள், சிறியவற்றைக் கோட்டை விட்டுவிட்டார்கள். மோட்டார் லைசென்ஸ் அப்படி ஒன்று. பிரிட்டிஷ் லைசென்ஸை ஸ்பானிய லைசென்ஸாக மாற்றிக்கொள்ளாதவர்களுக்குத் தவணை மேல் தவணை கொடுத்தார்கள். 2022 ஏப்ரல் 30-ந் தேதியோடு தவணை தீர்ந்தது. மறுநாள் முதல் ஸ்பெயினில் குடியிருக்கும் பிரிட்டிஷார் அந்த லைசென்ஸுடன் வண்டி ஓட்டுவது குற்றம்!

பென்ஷன்காரர்களில் பலர் வீடு வாங்கியிருப்பது கடற்கரைப் பட்டணத்தில் அல்ல. விலை மலிவு என்று உள்நாட்டுக் குன்றுகளில், ஒலிவ மரங்களுக்கு நடுவே வாங்கியிருக்கிறார்கள். கடைக்குப் பத்து மைல், டாக்டருக்கு இருபது மைல், பஸ் கிடையாது. கார் வாசலில் நிற்கிறது. ஐம்பது வருஷம் ஓட்டிப் பழகிய கை இருக்கிறது. ஆனால் ஓட்டக் கூடாது. சிலர் எழுபது வயதில் பாடப் புத்தகம் வாங்கி ஸ்பானிய டிரைவிங் பரீட்சைக்குப் படித்தார்கள். மற்றவர்கள் அக்கம் பக்கத்தார் தயவில் காய்கறி வாங்கினார்கள். இரு சர்க்கார்களும் பேசிப் பேசி 2023 மார்ச் 16-ந் தேதிதான் உடன்பாட்டுக்கு வந்தன. இடையில் கழிந்தது பத்தரை மாதம்.

இன்னும் சில்லறைத் தொந்தரவுகள் எத்தனையோ. சில பெரிய பிரிட்டிஷ் வங்கிகள், ஐரோப்பாவில் தொழில் நடத்தும் அனுமதி போய்விட்டதென்று, அங்கே வாழும் வாடிக்கைக்காரர்களின் கணக்கை மூடச் சொல்லிக் கடிதம் அனுப்பின. பேரப்பிள்ளைகள் அனுப்பும் பார்சல் சுங்கத்தில் நின்றது. 45 யூரோவுக்கு மேற்பட்ட பரிசுக்கு வரி. இங்கிலாந்திலிருந்து பன்றி இறைச்சியும் பாலாடைக் கட்டியும் கொண்டு வரத் தடை. நாய்க்கு ஊரில் வாங்கிய ஐரோப்பியப் பாஸ்போர்ட்டும் செல்லாது. ஒவ்வொரு பிரயாணத்துக்கும் மிருக வைத்தியரிடம் புதுச் சர்டிபிகேட் வாங்க வேண்டும்.

தொண்ணூறு நாள் கணக்கு

ஸ்பெயினிலோ பிரான்சிலோ சிறு வீடு ஒன்று வாங்கிப் போட்டு, குளிர்காலம் அங்கும் கோடை இங்கிலாந்திலுமாகக் காலம் கழித்தவர்கள் பலர். வேடந்தாங்கல் பறவைகளைப் போல வந்து போனவர்கள். விலகலுக்குப் பிறகு இவர்களுக்கு எந்த 180 நாளிலும் 90 நாள்தான். சொந்த வீடாயிற்றே என்றால் யாரும் கேட்பதில்லை. ஐரோப்பியரோ பிரிட்டனில் ஒரே தடவையில் ஆறு மாதம் தங்கலாம். பிரெஞ்சு செனட் இரக்கப்பட்டு, அங்கே வீடு வைத்திருக்கும் பிரிட்டிஷாருக்குத் தானாகவே நீண்ட விசா கிடைக்கும்படி ஒரு திருத்தம் சேர்த்தது. 2024 ஜனவரியில் பிரான்சின் அரசியல் சட்டக் கவுன்சில் அதை அடித்துவிட்டது.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திய காலத்தில், நாள் கணக்கில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரிகள் இருந்திருக்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பிடிக்கும் இயந்திரங்களைப் படிப்படியாக வைக்கத் தொடங்கினார்கள். இயந்திரத்துக்குக் கண்ணை மூடத் தெரியாது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. ஆனால் அதற்குப் புதிய அடையாள அட்டை கையில் இருப்பது நல்லது. பழைய பச்சைக் காகிதத்தையே பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பாட்டிமார்கள் எல்லையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும்.

இனிமேல் ஸ்பெயினுக்குக் குடிபோக நினைக்கும் பிரிட்டிஷ் பஸ் டிரைவர் பாடு என்ன? வேலை பார்க்காமல் வசிப்பதற்கான விசா வாங்க வேண்டும். அதற்கு மாதம் 2,400 யூரோ, அதாவது வருஷத்துக்கு 28,800 யூரோ வருமானம் காட்ட வேண்டும் என்பது 2025-ம் வருஷக் கணக்கு. மனைவிக்கு மேலும் 7,200 யூரோ. பிரிட்டிஷ் சர்க்காரின் முழுப் புதுப் பென்ஷன் 2025-26-ல் வாரம் 230 பவுன் 25 பென்ஸ். வருஷத்துக்கு 12,000 பவுன்கூட ஆகவில்லை. கம்பெனிப் பென்ஷனோ சேமிப்போ வேறே இல்லாதவருக்கு ஸ்பெயின் வெயில் எட்டாக் கனி. வசதியுள்ளவர்களுக்கும் கதவு அகலமாக இல்லை. 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் கிடைத்த விசாவை ஸ்பெயின் 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே வாழ்பவர்கள் வாங்கும் வீட்டுக்கு விலைக்குச் சமமாக வரி போட வேண்டும் என்று அதே வருஷம் ஜனவரியில் பிரதமர் பெத்ரோ சான்செஸ் யோசனை சொன்னார்.

திரும்பிப் போகலாமா?

ஊருக்கே திரும்பிவிடலாமே என்று தோன்றும். தனியாள் என்றால் திரும்பலாம். ஸ்பெயின் வீட்டை விற்ற பணத்தில் தெற்கு இங்கிலாந்தில் ஓர் அறைகூட வாங்க முடியாது என்பது வேறு விஷயம். மனைவி ஜெர்மன்காரி அல்லது ஸ்பெயின்காரி என்றால்தான் சிக்கல். முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது. அந்த வழியைத் திறந்துவிட்டவர் ஓர் இந்தியர்! சுரிந்தர் சிங் என்ற இந்தியப் பிரஜை, பிரிட்டிஷ் மனைவியுடன் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர். அப்படித் திரும்பும் தம்பதிகளை ஐரோப்பியச் சட்டம் காக்கும் என்று அவர் வழக்கில் 1992-ல் தீர்ப்பாயிற்று. அவர் பெயராலேயே அந்த வழி வழங்கி வந்தது. விலகலுக்குப் பின் அதைப் பயன்படுத்த 2022 மார்ச் 29 வரை தவணை கொடுத்தார்கள். இப்போது அந்நிய நாட்டு மனைவியை அழைத்துப் போக, 2024 ஏப்ரல் முதல், வருஷ வருமானம் 29,000 பவுன் காட்ட வேண்டும். பென்ஷன்காரர் எங்கே போவார்?

ஆகவே பெரும்பாலோர் தங்கிவிட்டார்கள். முதுமையோ காத்திருப்பதில்லை. ஸ்பெயினில் கிழவர் கிழவிகளைக் கவனிப்பது பெரும்பாலும் குடும்பத்தார் வேலை. மகளோ மருமகளோ பக்கத்தில் இருப்பாள் என்ற எண்ணத்திலேயே ஆஸ்பத்திரிகளும் நடக்கின்றன. படுக்கையில் விழுந்தவருக்குச் சர்க்கார் உதவி தரும் 2006-ம் வருஷச் சட்டம் உண்டு, ஐந்து வருஷம் அங்கே வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் பாரங்கள் ஸ்பானிய பாஷையில்.

கணவனை இழந்து, கால் எலும்பு முறிந்து, குன்றின்மேல் தனியாகக் கிடக்கும் எண்பது வயது மாதை நினைத்துப் பாருங்கள். அவள் மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். முன்பு செய்தி கேட்ட அன்றே விமானம் ஏறி, தாயுடன் எத்தனை வருஷமானாலும் தங்கியிருக்கலாம். ஒப்பந்தப்படி பெற்றோருடன் சேர்ந்துகொள்ளும் பிள்ளைக்கு 21 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், அல்லது பெற்றோரை நம்பிப் பிழைப்பவராக இருக்க வேண்டும். தாய் நம்பியிருக்கும் ஐம்பது வயது மகளுக்கு அதில் ஷரத்து இல்லை. அவள் வருகிறாள், சமைத்துப் போடுகிறாள், மருந்து கொடுக்கிறாள், நடை பழக்குகிறாள். தொண்ணூறாவது நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகிறாள். மறுபடி வர இன்னும் தொண்ணூறு நாள் ஆகும்.